கிணற்றடிச் சுவர்

ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கு வந்த வருஷம், திருநின்றவூரில் காலியாக ஒரு மாட்டுக்கொட்டகை இருந்தாலும் குடிவரத் தயாராக ஆள் வந்தது. வீரராகவனுக்குப் பெரியப்பா விட்டுப்போன வீடு ரயிலடிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்தது. அதைச் செப்பனிட்டு வாடகைக்கு விட முடிவு செய்தான். எவ்வளவு செலவழிப்பது என்பதில்தான் அவன் மனைவி கெங்கம்மாளுக்குத் தூக்கம் போயிற்று.

கொத்தனார் கன்னியப்பன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஐந்நூறு ரூபாய் என்றான். மேலே சீமை ஓடு, கீழே சிமிட்டித் தரை, நெல் அறைக்குப் புதுப் பலகை. யுத்த காலம், எல்லாம் ஆனை விலை. அவ்வளவு பணத்துக்கு வீரராகவன் ஏரிக்கரை நிலத்தைப் பூந்தமல்லி வட்டிக்காரரிடம் அடமானம் வைக்க வேண்டும். மழை பொய்த்த வருஷங்களிலும் அவர்களுக்குச் சோறு போட்ட நிலம் அது.

"வர்றவங்களுக்கு நெல்லு அறை எதுக்குங்க?" என்றாள் கெங்கம்மாள்.

"நெல்லு வைக்க எடமில்லாத ஊடு ஊடா? எவன் வருவான்?"

அவனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த ஜானகிராமன் தன் மனைவி வசந்தாவுடன் வீடு பார்க்க வந்தார். வீரராகவன் முதலில் திறந்து காட்டியது நெல் அறையைத்தான்.

"நாப்பது மூட்டை புடிக்கும் சார். எலி அண்டாது."

"எங்க ரேஷன் அரிசிக்கு ஒரு தகர டப்பாவே பெரிசு" என்றார் ஜானகிராமன். "இருக்கறதுலயே பெரிய அறை இதுதான். ஒரு ஜன்னல்கூட இல்லையே?"

"ஜன்னல் வெச்சா ஈரம் ஏறி நெல்லு முளைச்சிடுமே சார்" என்றான் வீரராகவன், கவலையோடு.

வசந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். கெங்கம்மாளும் பின்னால் போனாள். வசந்தா கிணற்றைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் தெரிந்த வண்டிப்பாதையைப் பார்த்தாள்.

"குளிக்கிறது எங்கேம்மா?"

"இங்கதான். எங்க ஊட்லயும் கிணத்தடிதான். ஆம்பளைங்க எழுந்துக்கறதுக்குள்ள, கருக்கல்லயே குளிச்சிடுவோம்."

"மழையிலயுமா?"

"மழையிலயும்தான்."

"உடம்பு சரியில்லாதப்போ?"

கெங்கம்மாள் திரும்பி வண்டிப்பாதையைப் பார்த்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை.

"சிமிட்டித் தரை இல்லாங்காட்டி வருவீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"மண்தரைன்னா மெழுகிக்கறேன். ஓடு ஒழுகாம இருந்தாப் போதும். அந்த அறைக்கு ஒரு ஜன்னல், இந்தக் கிணத்தடிக்கு மறைவா சுவரும் தாழ்ப்பாள் போடக் கதவும் வேணும். அதுக்கு வாடகை ஒரு ரூபா கூடக் கேட்டாலும் அவரைக் குடுக்கச் சொல்றேன்."

அன்று மாலையே வீரராகவன் நிலப் பத்திரத்தைத் துணியில் சுற்றினான். காலையில் பூந்தமல்லிக்கு வண்டி கட்டச் சொல்லியிருந்தான். கெங்கம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"வண்டி வேணாங்க."

"இன்னா?"

அவள் வசந்தா சொன்னதையெல்லாம் சொன்னாள். ஒடைஞ்ச ஓடுங்கள மட்டும் மாத்தலாம். நெல் அறைப் பலகையைப் பிரிச்சு ஜன்னலுக்கும் கதவுக்கும் வெச்சுக்கலாம். வேர்க்கடலை வித்து வெச்சிருக்கற காசுக்குள்ளயே செலவு அடங்கிடும்.

"பெரியப்பா அடிச்ச பலகை அது. குளிக்கிற எடத்துக்குக் கதவா?"

"அவரு போனதிலேர்ந்து அதுல ஒரு படி நெல்லு கூட இல்ல. நெலத்த அடமானம் வெச்சிட்டா நம்ம ஊட்லயும் நெல்லு இருக்காது."

வீரராகவன் அவளை உற்றுப் பார்த்தான். இவ்வளவு நீளமாக அவள் பேசி அவன் கேட்டதில்லை. பத்திரத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தான்.

மறுநாள் கன்னியப்பன் கிணற்றடியைக் கயிறு பிடித்து அளந்தான்.

"ஐந்நூறுன்னு வந்தேன் நைனா, குளிக்கிற எடத்துல முடிச்சிட்டீங்க. ஒரு சுவருக்கு நானு ஒருத்தனே போதும்."

"ஒண்ணு இல்ல கன்னியப்பா, ரெண்டு" என்றாள் கெங்கம்மாள். "எங்க ஊட்டுக் கிணத்தாண்டயும் கட்டணும்."

கன்னியப்பன் வீரராகவனைப் பார்த்தான். வீரராகவன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"என்னை ஏன்யா பாக்கற? ரெண்டுக்கும் சேத்துக் கல்லு எவ்ளோன்னு சொல்லு."