மூன்று நிமிட மரியாதை

வாரிக் காரை நிறுத்தினால் உடனே அணைக்க மாட்டான். சாவியை உருவி, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவான். வண்டி மட்டும் மூன்று நிமிடம் தனியாக ஓடிவிட்டுத் தானாக அணையும். அதற்கென்றே ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தான். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போவைச் சூட்டோடு நிறுத்தினால் அதற்குள் இருக்கும் ஆயில் கருகிவிடுமாம். ஆறவைத்துத்தான் அணைக்க வேண்டுமாம்.

டிமாரு ஊரில் டர்போ வண்டிக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வாரிக்தான் தலைவன். ஞாயிறு மதியம் மீன் வறுவல் கடை வாசலில் சங்கத்து வண்டிகள் எல்லாம் ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நிற்கும். உள்ளே வண்டி முதலாளிகள் உருளைக்கிழங்கு தின்பார்கள். இந்த மூன்று நிமிட மரியாதையில் ஒருவரும் குறை வைத்ததில்லை. ஆயில் மாற்றுவதுதான் யாருக்கும் நினைவுக்கு வராது. ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பவன் மற்ற நாளில் பல் விளக்காத கதை. வாரிக் மாற்றவே மாட்டான், குறைந்தால் ஊற்றுவான். ஊற்றினால் புதுசு கலந்துவிடுகிறதே, அப்புறம் எதற்கு மாற்றுவது என்பது அவன் கட்சி.

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆயில் விளக்கு சிவப்பாகக் கண்ணடிக்க ஆரம்பித்தது. ஆயில் பிரஷரைப் பார்த்து அந்த விளக்கை எரியவிடும் சென்சாரை மாற்றினான். கண்ணடித்தது. இன்னொரு சென்சார் வாங்கி மாட்டினான். அதுவும் கண்ணடித்தது. கெட்டி ஆயில் வாங்கி ஊற்றினான். விளக்கு கொஞ்ச நாள் யோசித்துவிட்டு மறுபடி கண்ணடித்தது.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற டோங்கா தீவுக்காரன் டெவிட்டா, மூன்றாவது சென்சாரைக் கையில் கொடுக்கும்போது சிரித்தான்.

“தலைவரே, சென்சார் பாவம், அது உண்மையத்தான் சொல்லுது. அடியில ஆயில் தங்குற தொட்டி, அந்தச் சம்ப்பக் கழட்டிப் பாரு. ஆயில உறிஞ்சுற குழாய் வாயில ஒரு சல்லடை இருக்கும். அதுல கசடு அப்பிக் கெடக்கும். ஆயிலே மேல ஏறலன்னா பிரஷர் எங்கேருந்து வரும்?”

“என் இன்ஜின்ல கசடா? நான் சங்கத் தலைவன்டா.”

“அதான் நானும் சொல்றேன். ஆனா கழட்டாத. எனக்கு அதுதான் நல்லது. உன் வண்டிக் கதவு நாலுக்கும் ஆள் பேசி வச்சிருக்கேன்.”

கழட்டியிருப்பான். ஆனால் அந்தச் சனிக்கிழமை டனீடனில் மகள் பிரையனி நர்ஸ் பட்டம் வாங்குகிறாள். பள்ளிக்கூடத்தில் அவள் பரிசு வாங்கிய அன்று வாரிக் நெடுஞ்சாலை ஓரத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். இந்த முறை போனில் அவள் சொன்னது ஒன்றுதான்: “வண்டி வருதோ இல்லையோ, நீ வாப்பா.”

அது அவனுக்குச் சுருக்கென்றது. வண்டியோடு போய் இறங்கிக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினான். சம்ப்பைக் கழட்ட ஒரு நாள் முழுக்க வேண்டும். கழட்டிக் கசடு இருந்துவிட்டால் சங்கத்தில் மானம் போகும். ஆகவே வெள்ளிக்கிழமை, கசடைக் கரைக்கிற மருந்து ஒரு டப்பா வாங்கி இன்ஜினில் ஊற்றி, ஓடவிட்டு, வடித்தான். தார் மாதிரி வந்தது. புது ஆயில் ஊற்றினான். விளக்கு எரியவில்லை.

“பாத்தியா?” என்றான் மனைவி நோலீனிடம்.

“பாத்தேன். நான் என் கார்லயே வர்றேன்.”

“அந்த சோப்பு டப்பாலயா? டனீடன் வரைக்குமா?”

“உன் பின்னாடியே வர்றேன். யாராவது வரணும்ல.”

நோலீனின் காரில் டர்போ கிடையாது. பல் டாக்டரிடம் போவதைப் போல, தவணை தவறாமல் ஆயில் மாற்றிவிடுவாள்.

மறுநாள், வழியில் இருக்கிற ஓமாரு வரை வாரிக் பறந்தான். அங்கே, மாவுக்குள் கறி வைத்துச் சுடுகிற ‘பை’ பலகாரக் கடையில் நிறுத்தினான். மருந்தில் கரைந்த கசடு கொஞ்சம்தான், கரையாமல் பெயர்ந்த கட்டிகள் எல்லாம் வழி நெடுக ஒவ்வொன்றாக வந்து சல்லடையில் உட்கார்ந்திருந்தன. அது அவனுக்குத் தெரியாது. வழக்கப்படி சாவியை உருவிப் பூட்டிவிட்டு, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய் வரிசையில் நின்றான். வெளியே வண்டி தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்து நிறுத்திய நோலீன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் வந்தாள்.

“உன் வண்டியில சிவப்பு விளக்கு எரியுது. விட்டு விட்டு இல்ல, ஒரேயடியா எரியுது. போய் அணை.”

“சென்சார்.”

“டொக்கு டொக்குன்னு தட்டுது வாரிக்.”

“ஆறட்டும். மூணு நிமிஷம் ஆகல. எனக்கு மாமிசப் பை, உனக்கு?”

அவள் பதில் சொல்வதற்குள் வெளியே இரும்புத் தட்டைப் படியில் உருட்டிய மாதிரி ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. நீலப்புகை எழுந்து கடைப் பலகையை மறைத்தது. பை துணுக்குக்குக் காத்திருந்த கடற்பறவைகள்கூட எதிர்ச்சாரிக்கு மாறி உட்கார்ந்தன.

வாரிக் டெவிட்டாவுக்குப் போன் போட்டான். இழுத்துப் போக வேண்டும் என்றான்.

“அடப்பாவமே,” என்றான் டெவிட்டா. அடுத்த மூச்சிலேயே, “கதவுல கீறல் எதுவும் இல்லையே, தலைவரே?” என்றான்.

நோலீன் ஜன்னலை இறக்கி, “ஏறு,” என்றாள். முன் சீட்டில் மகளுக்கான பாவ்லோவா கேக் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. வாரிக் பின்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான்.

டனீடனில் மண்டபத்துக்கு எதிரே நிறுத்தியதும் நோலீனின் கை சாவிக்குப் போனது.

“உடனே அணைக்காத. கொஞ்சம் ஆறட்டும்,” என்றான் வாரிக். வாய் பழகிவிட்டது.

அவள் அணைத்தாள். வண்டி மறுபேச்சுப் பேசாமல் நின்றது.

படியில் கறுப்பு அங்கியோடு நின்ற பிரையனி தெருவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகுதான் பின்கதவிலிருந்து கசங்கி இறங்கிய அப்பாவைப் பார்த்தாள்.

“வண்டி எங்கப்பா?”

“ஓமாருல நிக்குது.”

“ஆனா நீ வந்துட்ட.” அப்பாவின் டையை இழுத்து நேராக்கினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம் அவன்.

“அது வேற ஒண்ணும் இல்லம்மா, அந்த சென்சார் இருக்கு பாரு—”

அம்மாவும் மகளும் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தார்கள். வாரிக் பின்னாலேயே ஓடினான்.