மூன்று விநாடி அழுத்தவும்

தேர்வுக் குழுவில் மூன்று பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பது துறைமுக அலுவலகத்தின் விதி. அந்த ஒருவருக்காகத்தான் எலக்ட்ரீஷியனைச் சேர்த்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நாலு மாடிகளையும் இருட்டாக்கியவன் என்பதால் அவனுக்கு ஃபியூஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

வாங்க வேண்டியது பைலட் படகுக்கு ஒரு ஜி.பி.எஸ். பெரிய கப்பல்களை உள்ளே அழைத்துவரும் பைலட்டை ஏற்றிக்கொண்டு போய், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் விலாவில் தொங்கும் கயிற்றேணியில் ஏற்றிவிட்டுத் திரும்புவதுதான் அந்தப் படகின் பிழைப்பு. ஒன்பது மீட்டர் நீளம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகம். கூரை கிடையாது. அதில் வேலைக்குப் போகிறவன் வீட்டில் குளித்துவிட்டுப் போவது வீண் செலவு.

படகில் இரண்டே ஆட்கள். ஓட்டுகிறவரை எல்லோரும் சுக்கான் என்பார்கள். முன்தளத்தில் நின்று பைலட்டின் இடுப்பைத் தாங்கி ஏணியில் தள்ளிவிடுகிறவன் ஃபியூஸின் தங்கை புருஷன்.

குழு கூடுவதற்கு முந்தின நாள் சுக்கான் ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். நனைந்த பூட்ஸைக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டேய் ஃபியூஸ், மத்ததெல்லாம் உன் இஷ்டம். பட்டன் வெச்ச மெஷினா பாரு. ஒரே அமுக்குல எடத்தக் குறிக்கணும்."

"எந்த எடத்தண்ணே?"

"ஆள் விழுந்த எடத்த. பின்ன மீன் விழுந்த எடத்தயா?"

"இப்பல்லாம் யாருண்ணே பட்டன் வாங்குறா? எல்லாம் டச் ஸ்கிரீன்."

"தொட்டுத் தடவுற வேலைய உன் ஃபோனோட வெச்சுக்க. படகு குதிக்கும்போது எனக்குப் பல்லே எடத்துல நிக்கிறதில்ல, விரல் எங்க நிக்கும்? அப்புறம் ஒண்ணு, கடல் தண்ணிய ஊத்திப் பாரு. அங்க நிக்கிறது உன் மாப்ள. மறந்துராத."

மாப்பிள்ளையும் அன்று சாயங்காலம் மாடிப்படியில் வழிமறித்தான். இரண்டு குடும்பங்களும் ஒரே கட்டடத்தில்தான். தங்கை வீடு மேலே, அண்ணன் வீடு கீழே.

"மச்சான், நல்ல மெஷினா பாத்து வாங்குங்க. நான் விழுந்து தொலைஞ்சா உங்க தங்கச்சி மூட்டையக் கட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் எறங்கி வருவா. அவ கோவத்த நீங்க தாங்க மாட்டீங்க."

"ஏன், நீங்க தாங்கலையா?"

"நான் வாரத்துல ஆறு நாள் கடலுக்கு ஓடிருறேனே!"

உள்ளேயிருந்து தங்கை, "எல்லாம் கேக்குது," என்றாள்.

குழு குளுகுளு அறையில் கூடியது. தலைவர் சூப்பரண்டு. உறுப்பினர் ஸ்டோர்ஸ்காரர். மூன்று கருவிகள் வந்திருந்தன. ஒன்றின் விண்ணப்பம் தவறான அளவு உறையில் இருந்ததால் அதைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. மீதி இரண்டும் கண்ணாடி மேசைமேல் பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் அக்காள் தங்கை போல உட்கார்ந்திருந்தன.

அக்காளுக்குச் சின்ன முகம், தடித்த பட்டன்கள், ஓரத்தில் மூடி போட்ட ஒரு சிவப்புப் பட்டன். தங்கைக்கு முகம் முழுக்கத் திரை. பட்டன் என்ற பேச்சே இல்லை. சூப்பரண்டு இரண்டு விரலை வைத்து விரித்தார். கடல் விரிந்தது. சுருக்கினார். உலகமே சுருங்கி வந்து அவர் கட்டைவிரலுக்கடியில் நின்றது. முப்பது வருட உத்தியோகத்தில் அவர் சொல்லி உடனே கேட்ட முதல் பொருள் அது.

"யோவ், எங்க வீட்டுத் தெரு தெரியுதுய்யா!"

ஃபியூஸுக்கும் அது பிடித்துப்போயிற்று. அதை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை. யாரும் அவனை மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. அழகாக இருந்தது, பிடித்தது. பட்டன் கருவியைப் பார்த்தபோது சுக்கானின் பூட்ஸ் ஞாபகம் வந்தது. அந்தப் பழைய மனுஷனுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

சொல்லியிருந்தாரே என்று ஒரு வாளி கடல் தண்ணீரை நாலு மாடி தூக்கி வந்திருந்தான். ஸ்டோர்ஸ்காரர் வாசலிலேயே மறித்தார்.

"உப்புத் தண்ணியா? கார்ப்பெட் போட்டு ரெண்டு மாசம் ஆகலப்பா. கறை பட்டா நீயா பதில் சொல்லுவ? தண்ணிதான வேணும், கேன்ல இருக்கு பாரு."

கேன் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, அடியில் துண்டு விரித்து, திரைமேல் ஊற்றினார்கள். திரை சமர்த்தாக இருந்தது. விரல் சொன்னதைக் கேட்டது. உப்பு நீரில் மின்சாரம் ஓடும், அதன் ஒரு துளி திரைக்கு ஒரு விரல் போலத் தெரியும் என்பது எலக்ட்ரீஷியனுக்குத் தெரியாததல்ல. அந்த எண்ணம் அவனுக்கு வரத்தான் செய்தது. அதே நேரத்தில் டீயும் வந்தது.

ஆள் விழுந்தால் என்ன செய்வது என்று புத்தகத்தைப் புரட்டினான். மூலையில் உள்ள படத்தை மூன்று விநாடி விடாமல் அழுத்த வேண்டும். தெரியாமல் கை பட்டுவிடக் கூடாதே என்று இந்த ஏற்பாடு. அழுத்தினான். விரலைச் சுற்றி ஒரு வட்டம் மெல்ல நிறைந்தது. 'இடம் சேமிக்கப்பட்டது' என்றது. மேசை ஆடவில்லை.

"தண்ணீர்ச் சோதனையில் தேறியதுன்னு எழுதிக்க," என்றார் சூப்பரண்டு. எழுதி, கையெழுத்தும் போட்டான்.

கருவியைப் பொருத்திய அன்று கடல் தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. சூப்பரண்டு அதைத் தொட்டபடி படம் எடுத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் காற்று ஏறியதும் படகின் குறிப்பேட்டில் சுக்கானின் கையெழுத்து ஆரம்பித்தது. 'தானே பெரிதாகிறது.' 'தானே சிறிதாகிறது.' 'பாதையை அழித்துவிட்டது, நான் தொடவில்லை.' ஏழாவது புகாருக்கு அலுவலகம் பதில் அனுப்பியது. இரண்டு பருத்தித் துணிகளும், 'துடைத்துப் பயன்படுத்தவும்' என்ற ஒரு வரியும்.

எட்டாவது புகாருக்கு ஃபியூஸ் தானே படகில் ஏறினான். காலை பத்து மணி. வானம் சாம்பல் பூசியிருந்தது. மழை குறுக்கே அடித்தது. பைலட்டோடு சேர்த்து நாலு பேர். துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவரைத் தாண்டியதும் படகு குதிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு வாளிக் கடல் முகத்தில் வந்து விழுந்தது. திரையில் வரைபடம் விரிந்தது, சுருங்கியது, இடப்பக்கம் ஓடியது. யாரும் அதைத் தொடவில்லை.

"பாத்துக்க," என்றார் சுக்கான். "இது உன் விரலா, என் விரலா?"

ஃபியூஸ் தன் விரல்களைப் பார்த்தான்.

"ரூம்ல என்ன தண்ணி ஊத்துன?"

"கேன் தண்ணிண்ணே."

சுக்கான் திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டான். அவர் திட்டவில்லை. "சரி, நாளைக்கு நானும் வரேன். ரெண்டு பேருமா சேந்து எழுதிக் குடுப்போம். கழட்டிரலாம்," என்றார்.

பைலட்டைக் கப்பலில் ஏற்றிவிட்டுத் திரும்பினார்கள். மாப்பிள்ளை முன்தளத்திலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தான்.

"என்ன மச்சான், முகம் பச்சையா இருக்கு? வாந்தி வந்தா காத்துக்கு எதிரா எடுக்காதீங்க, எனக்குத்தான் வரும்!"

படகு ஒரு அலையின் முதுகில் ஏறி, அந்தப் பக்கம் தண்ணீர் இல்லாத இடத்தில் இறங்கியது. இடுப்பெலும்பு வாய்க்கு வந்து போயிற்று. ஃபியூஸ் கண்ணைத் திறந்தபோது கம்பி இருந்தது, கை இல்லை.

"ஆள் விழுந்துட்டான்! குறி! குறிடா!" சுக்கான் சக்கரத்தை ஒடித்துத் திருப்பினார்.

கடலில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. படகில் மிச்சமிருப்பவன் விழுந்தவனை நோக்கிக் கையை நீட்ட வேண்டும். கண்ணை எடுக்கவே கூடாது. தாயே பக்கத்தில் விழுந்தாலும் கண் அங்கேதான். அலைக்கடலில் ஒரு தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது. ஒருமுறை விட்டால் விட்டதுதான். கடலில் வேலை செய்கிறவன் எவனும் இதை யோசிக்க மாட்டான், கை தானே நீளும். ஃபியூஸ் கரையில் வேலை செய்கிறவன். அவன் திரையைப் பார்த்துக் குனிந்தான்.

விரலை வைத்தான். வட்டம் பாதி நிறைந்தபோது படகு குதித்தது, விரல் வழுக்கியது. 'ரத்து.' மறுபடி வைத்தான். மேலே ஒரு துளி விழுந்தது. வரைபடம் நழுவி மூலைப் படம் மறைந்தது. முழங்கையால் துடைத்தான். துடைத்ததைக் கருவி ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு கண்டங்களைக் காட்டியது. பல்லைக் கடித்து, ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்து, மூன்றாம் முறை அழுத்தினான். ஒன்று. இரண்டு. மூன்று.

'இடம் சேமிக்கப்பட்டது.'

நிமிர்ந்தான். நாலு பக்கமும் ஒரே மாதிரி கடல்.

"எங்கடா? எந்தப் பக்கம்?"

"குறிச்சிட்டேண்ணே…"

"ஆள் எங்கடா?"

படகு அதற்குள் ஒன்றரைச் சுற்று சுற்றியிருந்தது. அவன் குறித்தது படகு அப்போது இருந்த இடத்தை. ஆள் விழுந்த இடத்தை அல்ல. ஆனாலும் வேறு துப்பு இல்லாததால் அந்தப் புள்ளியைச் சுற்றியே தேடினார்கள். ரேடியோவில் கூப்பிட்டு வந்த இரண்டு படகுகளும், இடம் கேட்டபோது சொல்ல வேறொன்றும் இல்லாததால், அந்தப் புள்ளியைச் சுற்றியே தேடின. ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து, அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி, யாரும் அனுப்பாத ஒரு மீன்பிடிப் படகு ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துக் கை காட்டியது. லைஃப் ஜாக்கெட் தன் வேலையைச் செய்திருந்தது. முகத்தை மேலேதான் வைத்திருந்தது. ஐம்பத்திரண்டு நிமிட அலையும் அந்த முகத்தின் மேல்தான் உடைந்திருந்தது.

தூக்கிப் போட்டபோது உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்ததாக ஃபியூஸுக்குத் தோன்றியது. அது தன் கையின் சூடு என்று பிறகு புரிந்தது. சுக்கான் கரை வரும்வரை மாப்பிள்ளையின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே வந்தார். படகை ஓட்டியது யார் என்று ஃபியூஸுக்கு ஞாபகமில்லை.

விசாரணைக்கு ஒரு குழு போட்டார்கள். கருவியைப் பற்றி நன்கு அறிந்தவர்கள் என்பதால் சூப்பரண்டும் ஸ்டோர்ஸ்காரருமே அதில் இருந்தார்கள். வழங்கப்பட்ட துணியால் துடைக்கத் தவறியது ஓட்டுநரின் கவனக்குறைவு என்று நாலாம் நாளே கண்டுபிடித்து, சுக்கானை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஃபியூஸ் ஒரு பக்கத்துக்கு எழுதி எடுத்துப் போனான். கேன் தண்ணீர், கார்ப்பெட், மூன்று விநாடி, தன் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தது. சூப்பரண்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுதும் படித்தார்.

"நீ குடும்பத்து ஆளு, மனசு சரியில்ல. இதெல்லாம் சேக்குற மாதிரி எடம் இந்த ஃபாரத்துல இல்லப்பா," என்று ஆறுதலாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் கெட்டவரல்ல. டீ வாங்கித் தந்தார்.

அந்தத் தாளோடு ஃபியூஸ் மாடிப்படி ஏறினான். தங்கை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துவைத்துக் காய்ந்த புருஷனின் சட்டைகள்; மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"சுக்கான் வந்தாரு," என்றாள். "காலையில ஒரு மணி நேரம் வாசல்ல நின்னாரு. நான் கதவத் தெறக்கல. ஆஃபீஸ்லேந்து வந்தவங்க சொல்லிட்டுப் போனாங்க, அந்தாளு ஒழுங்கா இருந்திருந்தா இவரு பொழச்சிருப்பாருன்னு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வராரு?"

தாளை நீட்டலாமா என்று பார்த்தான். அவள் கை சட்டையில் இருந்தது. வாயால் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

"அவரு மேல தப்பு இல்லம்மா."

"பின்ன?"

"அவரு பட்டன் மெஷின் கேட்டாரு. நான்தான் இத எடுத்தேன்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியாம எடுத்திருப்ப."

"தெரிஞ்சுது. அரைகுறையா தெரிஞ்சுது. உப்புத் தண்ணி ஊத்திப் பாக்கச் சொன்னாரு. நான் ஊத்தல." "அப்புறம்… மாப்ள விழுந்தப்ப அவரையே பாத்துக்கிட்டு இருக்கணும். நான் மெஷினப் பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"பதினஞ்சு, இருபது செகண்டு இருக்கும்."

"அவரு கையத் தூக்குனாரா?"

"தெரியல."

"கூப்பிட்டாரா?"

"தெரியலம்மா. நான் பாக்கல."

கடைசிச் சட்டையை மடித்து மற்றவற்றின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினாள். எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அந்த அண்ணன் வீடு எங்க?"

"மூணாவது தெரு, தண்ணி டேங்குக்கு எதிர்ல. நானும் வரேன்."

"நீ வராத."

படியிறங்கும் சத்தம் கேட்டது. ஃபியூஸ் ஜன்னலுக்குப் போய் நின்றான். தெருமுனை வரை அவள் நிற்காமல் போனாள். அங்கே மளிகைக் கடை வாசலில் நின்று, கடைக்காரரிடம் சுக்கான் வீட்டுக்கு வழி கேட்டாள். அவர் கையை நீட்டி, ஃபியூஸ் சொன்ன அதே மூன்றாவது தெருவைக் காட்டினார். அவரிடம் இன்னொரு முறையும் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் அந்தப் பக்கம் திரும்பினாள்.