சத்தம் நின்ற வண்டி

அந்தக் கிடங்கில் ஓடிய ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவள் அவள்தான். தரையில் பதிக்கிற டைல்ஸ் பெட்டிகளை மலை மலையாக அடுக்கி வைத்திருக்கும் கிடங்கு அது. மரப்பலகை மேல் கட்டி வரும் ஒவ்வொரு அடுக்கும் யானைக் கனம் கனக்கும். அதைத் தூக்கி ரேக்கில் ஏற்றுவதும், இறக்கி லாரியில் வைப்பதும் வண்டிகளின் வேலை. அந்த வண்டிகள் நோய் நொடியில்லாமல் ஓடப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பிரேக் பிடிக்கவில்லையா, தூக்கும் செயின் தொங்குகிறதா, எண்ணெய் கசிகிறதா, "மெக்கானிக்கக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அவளும் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவாள். வெளியே வரும்போது முகத்தில் பாதி கிரீஸாக இருக்கும்.

அவள் புருஷன் அதே கிடங்கில் டிரைவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. எல்லோருக்கும் அவன் விசில். ரேக்குகளுக்கு நடுவே மூலை திரும்பும்போது ஹாரன் அடிப்பான், கூடவே ஒரு விசிலும் அடிப்பான். கேட்டால், "ஹாரன் சட்டத்துக்கு, விசில் மனுஷங்களுக்கு" என்பான். வேலையில் கெட்டிக்காரன். மற்றவர்கள் முன்னும் பின்னும் இழுத்துத் திணறுகிற சந்தில் ஒரே திருப்பலில் வண்டியை நுழைப்பான். தன் கை மேல் அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு.

அந்த நம்பிக்கைக்கும் சீட் பெல்ட்டுக்கும்தான் ஒத்துவரவில்லை. பெல்ட் மாட்டாமல் வண்டியில் உட்கார்ந்தால் அது கீ கீ என்று கத்தும். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் என்றால் சும்மா உட்கார்ந்தே இருக்க முடியாது. பலகை கோணலாக இருந்தால் இறங்கிச் சரிசெய்ய வேண்டும், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று இறங்கிப் பார்க்க வேண்டும். ஏறும்போதெல்லாம் பெல்ட் மாட்டு என்றால் அவனுக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வரும்.

"உன்னைக் கட்டிக்கிட்டது போதாதா, இதையும் கட்டிக்கணுமா?" என்று வீட்டில் அவளை வம்புக்கு இழுப்பான்.

"சிரிக்காதீங்க. வண்டி சாஞ்சா யாருக்கும் வெளியே குதிக்கத்தான் தோணும். குதிச்சீங்கன்னா மேல இருக்கிற இரும்புக் கூரை நேரா உங்க மேலதான் வந்து விழும். இருந்த இடத்துலயே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு, வண்டி விழுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சாஞ்சுக்கிட்டா உசிரு தப்பிக்கும். குதிக்க விடாம பிடிச்சு வைக்கத்தான் அந்த பெல்ட்டே."

"நான் ஓட்டுற வண்டி எதுக்குடி சாயப் போகுது?"

அதற்கு மேல் அவனோடு வாயாட முடியாது. அவன் வண்டியில் பழைய பெல்ட் நைந்துபோயிருந்தது. அவள் புது பெல்ட் போட்டாள், கத்தாமல் கிடந்த அலாரத்தையும் சரிசெய்தாள். கொஞ்ச நாள் அந்த வண்டி கிடங்கையே இரண்டாக்கியது. பிறகு ஒருநாள் கவனித்தாள்: சத்தத்தையே காணோம். ஓடுகிறது, நிற்கிறது, அவன் ஏறுகிறான், இறங்குகிறான், வண்டி கத்தவே இல்லை. அவளுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அன்று சாப்பாடு போடும்போது மாமியாரிடம், "அத்தை, உங்க பிள்ளை திருந்திட்டாரு. ஒழுங்கா பெல்ட் போடுறாரு" என்றாள்.

"அப்படியா? பொறந்ததுல இருந்து இப்பத்தான் ஒரு பேச்சு கேட்டிருக்கான்" என்றாள் கிழவி.

அவன் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான்.

கிடங்கில் இன்னொரு வில்லங்கம் இருந்தது. லாரிகள் வந்து முதுகு காட்டி நிற்கும் வாசலருகே சிமெண்டுத் தரை பெயர்ந்து குழி விழுந்திருந்தது. அவள் சூப்பர்வைசரிடம் நடையாய் நடந்தாள். "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்றவர், கடைசியில் குழி மேல் ஓர் இரும்புத் தகட்டைப் போட்டு மூடினார். வண்டி ஏற ஏறத் தகடு நகர்ந்துகொண்டே போயிற்று.

அந்த நாள் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. "சீக்கிரம், சீக்கிரம்" என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். விசில் ஒரு பலகை டைல்ஸை உயரத் தூக்கி லாரியில் வைக்கப் போனான். லாரி கோணலாக நின்றது. சரக்கைக் கீழே இறக்கிவிட்டுத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். அவசரம், கை மேல் நம்பிக்கை வேறு. உயரத் தூக்கிய சரக்கோடு அப்படியே திரும்பினான். பின் சக்கரம் தகடு விலகிக் கிடந்த குழியில் இறங்கியது.

அவள் பட்டறையில் ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். டைல்ஸ் உடைகிற சத்தம் அங்கே புதிதல்ல. ஆனால் அதற்கு முந்தி இரும்பு தரையில் மோதிய சத்தம் ஒன்று கேட்டது. எண்ணெய்க் குப்பியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவன் குதித்திருந்தான். அவள் சொன்னது போலவே கூரை அவன் மேல் கிடந்தது. வண்டியைத் தூக்க இன்னொரு வண்டியைக் கொண்டுவந்தவன் அவன் தம்பி. அவனும் அங்கே டிரைவர்தான். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். கண்ணீரில் பாதை தெரியாமல், அண்ணன் மேல் கிடந்த இரும்பை அவன்தான் தூக்கினான். தூக்கி என்ன பயன்? அவள் மடியில் எடுத்து வைத்துக் கூப்பிட்டபோது விசிலுக்கு மூச்சு இல்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து போனார்கள். விழுந்த வண்டியைப் பட்டறை மூலையில் நிறுத்தி, யாரும் தொடாதபடி சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். அவர் வருகிற அன்று காலையில், "நீ வர வேண்டாம், வீட்ல இரு" என்று எல்லோரும் சொல்லியும் அவள் போனாள். தான் பார்த்துப் பார்த்துப் பராமரித்த வண்டி எப்படி அவனைக் கைவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நாடாவைத் தாண்டாமல் எட்டிப் பார்த்தாள். பெல்ட் சுருண்டு தன் கூட்டுக்குள் கிடந்தது. ஆனால் அது வந்து மாட்ட வேண்டிய பூட்டில் ஏதோ ஓர் உலோகத் துண்டு சொருகியிருந்தது. பழைய பெல்ட்டின் நுனியில் இருக்கும் இரும்பு நாக்கு. துணியை ஒட்ட வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, பூட்டுக்குள் தள்ளியிருந்தார்கள். நாக்கு உள்ளே இருந்தால் பெல்ட் மாட்டியிருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். கத்தாது. கழற்றிய பழைய பெல்ட்டுகளை அவள் பட்டறை அலமாரியில் ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். அங்கிருந்து வந்த நாக்கு. அன்று தட்டைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்புக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

"அண்ணி." பின்னால் சின்னவன் நின்றான். "அதை எடுத்துடுங்க அண்ணி. ஆபீசர் வர்றதுக்குள்ள எடுத்துடுங்க."

"எடுத்துட்டு?"

"பெல்ட் ரிப்பேர்னு சொல்லிடலாம்."

"பெல்ட் ரிப்பேர்னா, அதைப் பாக்காம விட்டது யாருன்னு கேப்பாங்களே."

"நம்ம வீட்ல யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டோம். அண்ணனை யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது அண்ணி. அம்மா தாங்க மாட்டாங்க."

நாடாவுக்கு மேலாகக் கையை நீட்டினாள். பூட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும், நாக்கு துள்ளி வெளியே வந்துவிடும். பழி தன் மேல் வந்தால் வரட்டும், போனவன் பெயராவது கெடாமல் இருக்கட்டும் என்றுதான் அந்தக் கணம் அவளுக்குத் தோன்றியது. விரல் பொத்தான் மேல் பட்டும்விட்டது.

அப்போது வெளியே காலை வேலைக்கு வண்டிகள் கிளம்பின. ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சின்கள் உயிர் பெற்றன. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். டிரைவர்கள் ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டும்வரை கொஞ்ச நேரமாவது கீ கீ என்று கேட்க வேண்டும். ஒரு வண்டிகூடக் கத்தவில்லை.

கையை இழுத்துக்கொண்டாள். "உன் வண்டியிலயும் இருக்கா?"

சின்னவன் பக்கத்தில் கிடந்த டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். "நான்தான் அண்ணி முதல்ல பண்ணினேன். விளையாட்டாத்தான் பண்ணினேன். அண்ணன் பாத்துட்டு, எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுடான்னாரு. குடுத்தேன். அப்புறம் எல்லாரும் கேட்டாங்க." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தேம்பினான். அவளுக்கு அவனை அடிக்கத் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் முடியாமல் நின்றாள்.

ஆய்வாளர் வந்து குனிந்து பார்த்தார். நாக்கைக் கண்டதும் சூப்பர்வைசர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. "பாத்தீங்களா சார், டிரைவரோட தப்புதான்" என்றார்.

"பெல்ட் போடாதது அவர் தப்பு" என்றாள் அவள். குரல் உடைந்துதான் வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "தூக்கின சரக்கோட திரும்பினதும் அவர் தப்பு. ஆனா வண்டியைச் சாய்ச்சது அந்தக் குழி சார். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இவரையே கேளுங்க. அவசரப்படுத்தினதும் இவர்தான். சத்தம் நின்னதும் நான் சந்தோஷப்பட்டேன், ஏன் நின்னுச்சுன்னு போய்ப் பாக்கலை. அதையும் எழுதிக்கோங்க. வெளியில ஓடுற வண்டி எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. எல்லாத்துலயும் இதே கதைதான்."

வண்டிகள் நின்றன. டிரைவர்கள் தாங்களே இறங்கி, சொருகி வைத்திருந்ததை உருவி, அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலில் செய்தது யார் என்று ஆய்வாளர் கேட்டபோது மட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

செய்தி அவளுக்கு முந்தி வீட்டுக்குப் போய்விட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது மாமியார் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெல்ட் போடாம செத்தான், அவன் கொழுப்புல அவன் செத்தான்னு ஊரே பேசுது. யார் சொன்னதுன்னு கேட்டா, அவன் பொண்டாட்டிங்கறாங்க! செத்தும் நீ அவனை விடலையேடி!"

"அத்தை, மத்தவங்க உசிருன்னு ஒண்ணு இருக்கில்ல..."

"மத்தவங்க எனக்கு யாரு?"

"போகாதீங்க அத்தை. எனக்கு வேற யாரு இருக்கா?"

"எனக்கும் ஒருத்தன் இருந்தான்" என்றாள் கிழவி, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே.

வாசலில் சின்னவன் நின்றான். அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்தான். அண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழவியின் கோபம் அத்தனையும் அவன் பக்கம் திரும்பியிருக்கும். அவள் சொல்லவில்லை. அவன் தலை நிமிரவில்லை. பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவோடு படியிறங்கினான்.

அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். குழியை உடைத்துப் புதுசாக சிமெண்டு போட்டார்கள். விழுந்த வண்டியைக் கம்பெனி எங்கோ அனுப்பிவிட்டது. டிரைவர்கள் அவளிடம் மரியாதையாகப் பேசினார்கள். முன்போல் கிண்டல் செய்ய யாருக்கும் வாய் வரவில்லை. வீட்டில் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடப் பழகிக்கொண்டாள். சில நாள் பழக்கதோஷத்தில் அரிசியைக் கூடப் போட்டுவிட்டு, வெந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அழுகை வரும் என்று பார்ப்பாள். வராது.

ஒரு விடுமுறை நாள் முற்பகலில் கதவு தட்டுகிற சத்தம். மாமியார் தனியாக நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். உள்ளே வந்து, கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"அவன் சொல்லிட்டான்" என்றாள். "சின்னவன். சோறும் இறங்கலை, தூக்கமும் இல்லை. வண்டி ஓட்டுற வேலையையே விட்டுட்டான். நேத்து என் காலைக் கட்டிக்கிட்டுச் சொன்னான்." காலி டம்ளரை ஓரமாக நகர்த்தினாள். "நீ ஏன் சொல்லலை?"

"அவனையும் வெறுத்துட்டீங்கன்னா நீங்க எங்க போவீங்க அத்தை?"

கிழவி கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்குறேன். எனக்காகன்னு மாத்திச் சொல்லாதே. அதைப் போட்டிருந்தா என் பிள்ளை பொழச்சிருப்பானா?"

இல்லை அத்தை, விதி முடிஞ்சுபோச்சு என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. கிழவியின் கண்ணைப் பார்த்தபோது சொல்ல முடியவில்லை.

"பொழச்சிருப்பாரு அத்தை" என்றாள். "தோள்ல அடிபட்டிருக்கும். கொஞ்ச நாள் வீட்ல படுத்திருப்பாரு. தண்ணி குடு, தலையணையை நிமித்துன்னு உங்களையும் என்னையும் ஒரு வழி பண்ணியிருப்பாரு."

கிழவியிடமிருந்து ஒரு கேவல் வந்தது. அடுத்தது அவளிடமிருந்து. அத்தனை நாளாய் வராத அழுகை அப்போதுதான் வந்தது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, குரல் போகும்வரை அழுதார்கள்.

அழுது ஓய்ந்ததும் அவள் கேட்டாள்: "இங்கேயே இருந்துடுங்களேன் அத்தை."

"அவன் தனியா இருக்கான். எடுத்து வச்சாத்தான் சாப்பிடுறான்" என்று கிழவி எழுந்தாள். "அவனைப் பாக்கும்போதெல்லாம் வயிறு எரியுது. பாக்காமயும் இருக்க முடியலை. உன்னைப் பாத்தாலும் அப்படித்தான். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அவள் பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்தாள். பேருந்து வந்ததும் கிழவி அவள் கன்னத்தை ஒரு தரம் தொட்டாள். மறுபடி வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தை நேராக முன்னால் வைத்துக்கொண்டாள்.

பேருந்து போன பிறகும் அவளுக்கு வீட்டுக்குத் திரும்பக் கால் வரவில்லை. நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பேருந்துகள் வந்தன. நின்றன. "எங்கேம்மா போகணும்?" என்று நடத்துநர்கள் படியில் தொங்கியபடி கேட்டார்கள். எங்கும் போகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர்களும் விட்டுவிட்டுப் போனார்கள்.