இடது காது

ஆளுயரக் காது அது. பழைய செய்தித்தாளும் மாவுப் பசையும்தான் மூலப்பொருள். கேன்டீனுக்குப் பின்னால் இருந்த சைக்கிள் கொட்டகையில் மாணவர் சங்கத்துக்காரர்கள் அதை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். காதுத் துளையை அடைத்து ஒரு பூட்டு, அடியில் சிவப்பில் ஒரே வார்த்தை: ‘கேள்!’ எழுத்து ஒழுங்காக வரும் என்பதால் அந்த வேலை வக்கீலிடம் வந்து சேர்ந்தது.

வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை. மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கிற பெண். விவாத மன்றத்தின் செயலாளர். பஸ் கண்டக்டரிடம்கூட மறுப்புரை வைக்கிறவள் என்று முதல் வருஷமே ஒட்டிக்கொண்ட பெயர்.

விஷயம் இதுதான். கல்லூரி மைதானத்தில் முன்பக்கப் பாதியை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்போவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. அந்த வாடகையில் வசதி இல்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை. கூடவே கூடாது என்றது சங்கம். விட்டே ஆக வேண்டும் என்றது இன்னொரு கூட்டம். நிர்வாகம் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை விவாத மன்றம் கூடி, இரண்டு தரப்பும் பேசி, நாற்பது பேராவது வாக்களித்தால், அந்தத் தீர்மானத்தை மாணவர் கருத்தாக ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் அவர்களே முடிவெடுத்துக்கொள்வார்கள். இத்தனை நாள் மன்றத்தில் பேசியதெல்லாம் காற்றோடு போனது. இது ஒன்றுதான் காரியமாகப் போகிறது. வக்கீலுக்கு அந்த வெள்ளிக்கிழமை நடந்தாக வேண்டும்.

“இடது காதா வை,” என்றான் மைக். சங்கத் தலைவன். மைக் கையில் கிடைத்தால் திருப்பித் தராததால் அந்தப் பெயர். “புரியறவனுக்குப் புரியும்.”

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் தூரிகையை நிறுத்தினாள். “ஏய், அது வேணாமே.”

“என்ன வேணாம்? மனுஷனுக்குக் காது ரெண்டுதான். ஏதாச்சும் ஒண்ணை வைக்கணும்ல?”

தர்க்கப்படி அதில் தப்பு இல்லை. அவள் தூரிகையை மறுபடி சிவப்பில் தோய்த்தாள்.

உதவித்தொகைக் கூட்டத்தை நடத்துகிறவனுக்கு இடது காதில் கேட்கும் மெஷின். மன்றத்தில் எந்தத் தலைப்பு கொடுத்தாலும் வக்கீலுக்கு எதிராகவே பேசியதால் அவன் பெயர் எதிரணி. மேடையில் கீரியும் பாம்பும். இறங்கினால் ஒரே டீயை இரண்டாக ஊற்றிக் குடிப்பார்கள். ஆனால் அவனும் லேசுப்பட்டவன் இல்லை. போன மாதம் அவன் ஆட்கள் மன்றத்து வாசலில் பால்புட்டிகளைத் தோரணமாகக் கட்டி, ‘பேசியே வளரும் பிள்ளைகளுக்கு’ என்று எழுதி வைத்தார்கள். கல்லூரியே செல்போனோடு வந்து படம் எடுத்தது. இந்தக் காது அதற்குப் பதில்.

காலையில் காது நிர்வாக அலுவலகப் படிக்கட்டில் நின்றது. வக்கீலுக்கு உள்ளூரப் பெருமை. கேள் என்றால் கேள்வி கேள். கேள் என்றால் காது கொடுத்தும் கேள். ஒரு வார்த்தையில் இரண்டு மாங்காய். மூன்றாவது மாங்காய் ஒன்று இருப்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“சொன்னதைக் கேளுன்னு அதட்டறீங்களா?” என்று வந்தான் உதவித்தொகைக் கூட்டத்து ஒருவன். “நாங்க என்ன உங்க வீட்டு வேலையாளா?”

“யோவ், நிர்வாகத்தைக் கேள்வி கேளுன்னு அர்த்தம்,” என்றான் சங்கத்துக்காரன் ஒருவன்.

“கேள்வி கேக்க வாயை வைக்கணும். காதை எதுக்குய்யா வச்சீங்க?”

“நிர்வாகம் காது கொடுத்துக் கேக்கட்டும்னு.”

“அப்போ நிர்வாகத்துக்குக் காட்டு. எங்களைப் பாத்து எதுக்குத் திருப்பி வச்சிருக்கே?”

அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் அவகாசம் இல்லை, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரணி வந்தான். காதைப் பார்த்தான். அது எந்தப் பக்கத்துக் காது என்று பார்த்தான். திரும்பிப் போனான். மத்தியானத்துக்குள் மன்றத்துக் கதவின் மேலிருந்து தரைவரை சிவப்பு மெத்தைத் துணியில் தைத்த ஒரு நாக்கு தொங்கியது. உள்ளே போகிறவன் நாக்கை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மைதானம் என்ற பேச்சையே அன்று யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் எதிரணியிடமிருந்து செய்தி வந்தது. ‘வெள்ளிக்கிழமை நான் வரல. எங்காளுங்க யாரும் பேச மாட்டாங்க.’

ஒரு தரப்பு இல்லாவிட்டால் விவாதம் இல்லை. வக்கீல் நேரே அவன் அக்காவின் சலவைக் கடைக்குப் போனாள்.

மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “வாங்க வக்கீலம்மா. எங்க வீட்டுக் காதை ஊருக்கே பெருசு பண்ணிக் காட்டிட்டீங்களாமே. நல்லா இருந்துச்சா?”

“அக்கா, அது...”

“எங்கிட்ட எதுக்கு? உள்ளதான் இருக்கான். வாதத்துக்கு மருந்து உண்டு, பிடிவாதத்துக்குக் கிடையாது. போய்ப் பாரு.”

அவன் உள்ளறையில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் காதிலிருந்து மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். “இப்ப பேசு.”

அவள் கிட்டே போனாள். ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். ஒற்றை ஆளாக அதை மடிப்பது கஷ்டம். நான்கு விரிப்பு முடிந்த பிறகு அவன் மெஷினை எடுத்து மாட்டினான்.

“மன்றத்து முறைப்படி பேசுவோமா?” என்றான். மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதில் சொல்வதற்கு முன்னால், எதிராளி சொன்னதை அவனே ‘ஆமா, அதான்’ என்று ஒப்புக்கொள்கிற மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும். “நான் ஏன் வரலைன்னு நீ சொல்லு.”

“உன்னைக் கிண்டல் பண்ணிட்டாங்கன்னு கோபம்.”

“இல்ல. செவிடன்னு கூப்பிட்டே என்னை வளத்தாங்க. எனக்கு அது பழகிப்போச்சு.”

“அப்போ... மைதானத்தைப் பத்திப் பேசாம உடம்பைப் பத்திப் பேசினது தப்புங்கற.”

“அது மேடையில சொல்லுவேன். இங்க அது இல்ல.”

வக்கீல் விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்தாள். ஏற்கெனவே அது சரியாகத்தான் இருந்தது.

“இடது காதுன்னு முடிவு பண்ணும்போது நான் அங்க இருந்தேன்,” என்றாள். “வேணாம்னு ஒரு தடவை சொன்னேன். அப்புறம் வேலையைப் பாத்தேன்.”

“ஆமா,” என்றான். “அதான்.”

வெளியே அக்கா யாரிடமோ சட்டைப் பொத்தானுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப நீ,” என்றாள் வக்கீல்.

“பால்புட்டி கட்டினப்ப நீ அழுதே. நான் மாடியில நின்னு பாத்தேன். படமும் எடுத்தேன்.”

அவன் பார்த்தது அவளுக்குத் தெரியாது. ஆனாலும், “ஆமா, அதான்,” என்றாள்.

“வெள்ளிக்கிழமை வரேன். எங்காளுங்க வருவாங்கன்னு சொல்ல முடியாது.”

அவர்கள் வரவில்லை. துரோகி என்று அவனைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். வக்கீலின் ஆட்களும் வரவில்லை. அதே நேரத்தில் படிக்கட்டில் காதுக்கும் நாக்குக்கும் கயிறு இழுக்கும் போட்டி வைத்திருந்தார்கள். மைக் அதற்கு நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தான். அரங்கில் இருந்தவர்கள் பதினெட்டு பேர். மன்றத்தின் பொறுப்பாசிரியர் ஒருமுறை எண்ணினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார்.

“பத்தாதும்மா.”

“பேசலாமா சார்?” என்றான் எதிரணி.

“தாராளமா. கணக்குல வராது, அவ்வளவுதான்.”

பேசினார்கள். வெளியே ஆரவாரம் எழுந்தபோதெல்லாம் நிறுத்தி, அடங்கியதும் தொடர்ந்தார்கள். தனக்குக் கிடைத்த உதவித்தொகையால்தான் அக்கா இரண்டாவது சலவை மெஷின் வாங்க முடிந்தது என்று எதிரணி சொன்னான். முன்பக்க மைதானத்தில் தினமும் ஓடுகிற பெண்களுக்கு ஓட வேறு இடமே இல்லை என்று வக்கீல் சொன்னாள். அப்போதுதான் கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்து, “பின்பக்கச் சுவரோரம் முள்ளும் குப்பையுமா கிடக்கே, அதைக் குடுத்தா என்ன? ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசவே இல்லையே,” என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரைமணியில் தீர்மானம் தயாரானது. பின்பக்கத்தைக் கொடுக்கலாம், முன்பக்கத்தைத் தொடக்கூடாது, வாடகை முழுவதும் உதவித்தொகைக்கு. பதினெட்டு கையும் உயர்ந்தது. மூன்று வருஷத்தில் அந்த மன்றத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். பொறுப்பாசிரியர் அதை வாங்கிப் படித்தார். “நல்லா இருக்கு,” என்றார். “அனுப்ப முடியாதே.”

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் நிர்வாகத்தின் தாள் ஒட்டியிருந்தது. மாணவர் கருத்து எதுவும் வந்து சேராததால், ஏற்கெனவே திட்டமிட்டபடி முன்பக்க மைதானம் குத்தகைக்கு விடப்படுகிறது. உதவித்தொகை பற்றிய விவரம் பின்னர் அறிவிக்கப்படும்.

வக்கீல் இரண்டு தடவை படித்தாள். எதிரணி பக்கத்தில் வந்து நின்று படித்தான்.

“நீ ஜெயிச்சுட்டே,” என்றாள்.

“யாரை?”

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. “படிச்சாச்சுன்னா கொஞ்சம் நகருங்க, மறைக்குது,” என்றது ஒரு குரல்.

நகர்ந்தார்கள்.