பாவாடைக்குப் பங்காளியான முருங்கை

தின்ற உப்பின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

2005 கோடையில், உப்புத் தண்ணீரில் வாழும் கிருமியைத் தேடி மரக்காணம் உப்பளத்துக்கு வந்தார் ஆராய்ச்சிக்காரம்மா சூர்யகலா. கிருமி பெருகினால் தண்ணீர் சிவக்குமாம். கையில் ஒரே பாட்டில். அதிகம் சிவந்த பாத்தியில்தான் பிடிப்பேன் என்றுவிட்டார். அங்கே உப்பு எடுக்கும் பாவாடை, பக்கத்துப் பாத்திக்கார ஜான்சனுக்கு அந்தப் பெருமை போய்விடுமோ என்று எட்டி எட்டிப் பார்த்தார். ஆனால் ஜான்சன் பாத்தி வெளிர் ரோஜா; பாவாடை பாத்தியோ குங்குமம். பாட்டில் அங்கேதான் நிரம்பியது.

“அப்படி என்னம்மா பண்ணுது எங்க கிருமி?”

“மத்த கிருமிங்க பெரும்பாலும் புரதத்தை நூல் மாதிரி பிரிச்சுத்தான் வெளிய விடும். உப்புல அப்படி விட்டா திரிஞ்சு போயிடும். அதனால இதுங்க உள்ளேயே மடிச்சு, முழுசா வெளிய தள்ளுதுங்க. அதுக்குன்னு தனி வாசல் இருக்குது. செடி, மரத்தோட இலைக்குள்ளயும் அதே வம்சத்து வாசல்தாங்க.”

பாவாடை தண்ணீரில் காதை வைத்தார். ‘மடிச்சாச்சா? தள்ளு!’ என்று உள்ளே அதட்டுவது தெளிவாகக் கேட்டது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“டேய் ஜான்சன், உன் வீட்டு முருங்கைமரம் இனிமே எனக்குப் பங்காளி. காய் பறிச்சா கேட்டுட்டுப் பறி!”

“அது பட்டுப்போனா மொட்டை போட்டுக்குவியா?”

“போட்டுக்குவேன்டா. வம்சம்னா சும்மாவா?”

பாட்டில் திண்டிவனம் பஸ் ஏறியபோது, சீர்வரிசையோடு பெண்ணை அனுப்பிய தகப்பன் போல் நின்றார் பாவாடை.

அன்று காலை அந்தப் பாத்தியில்தான் அவர் மனைவி அம்சவள்ளி, சாயம் போகாமல் இருக்க, தன் புதுச் சிவப்புப் புடவையை ஊறவைத்திருந்தாள்.