கறை புடிக்காத தண்ணி

எங்க பக்கம் தண்ணி நல்லதா கெட்டதான்னு பாக்க மெஷினெல்லாம் வேணாம், புள்ளைங்க பல்லப் பாத்தா போதும். மஞ்சக் கறை புடிச்சிருந்தா கெட்ட தண்ணி. கடத்தூர்கிட்ட எங்க ஊருல புது போர் போட்டு ஆறு வருஷமாச்சு, ஒரு புள்ளைக்கும் கறை இல்ல. அதனாலதான், தலைப்பிரசவத்துக்கு வந்த எம்பொண்ணு ஐஸ்வர்யா, "கேன் தண்ணி வாங்கும்மா"ன்னப்ப, "பெங்களூரு போனதும் நம்மூரு தண்ணி ஆவலியாடி உனக்கு?"ன்னு திட்டி, அந்தத் தண்ணியவே சொம்பு சொம்பா குடுத்தேன். இப்ப அவளுக்கு எட்டாம் மாசம்.

நேத்து ஜாஸ்மின்னு ஒரு காலேஜ் பொண்ணு, டெஸ்ட் பண்ண பாட்டில்ல தண்ணி புடிக்க வந்தா. ஐஸ்வர்யா குடிக்கறதப் பாத்ததும் பதறிட்டா.

"ஐயோ அக்கா, இன்னுமா இதக் குடிக்கறீங்க? யுரேனியம் அளவுக்கு மேல இருக்குதுன்னு போன வருஷமே ரிசல்ட் குடுத்தனே!"

"யாருகிட்டம்மா?"

"டேங்க் ஆபரேட்டர் ராஜப்பன்கிட்டங்க."

ராஜப்பன் எங்கூடப் பொறந்த அண்ணன். பல்லுல கறையே இல்லயேன்னேன். "கறை ஃப்ளோரைடால வர்றதுங்க. இது பல்லுல தெரியாது. கிட்னிக்குத்தான் கெடுதி, காய்ச்சினாலும் போவாது"ன்னா.

நேரா அண்ணன் வூட்டுக்குப் போனேன். சமையக்கட்டுல மூணு கேன் நிக்குது.

"உனக்குத் தெரியுமாண்ணா?"

அவன் தலைய நிமுத்தல. "டேங்க மூடிட்டா எம்பொழப்பு போயிடும் கலைமணி. ஊரே குடிக்குது, யாருக்கு என்னா ஆச்சு?"

"எனக்காச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வயித்துல புள்ளயோட இருக்கறா உம்மருமவ!"

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிடுவ."

அடப்பாவி! சொல்லித்தான் இருப்பேன். நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியேடான்னு தெருவுல நின்னு, ஊரே கூடற வரைக்கும் கத்தினேன். தாயும் புள்ளையும் ஒண்ணுன்னாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க?

வூட்டுக்கு வந்தா ஐஸ்வர்யா பெட்டி கட்டிட்டிருக்கறா, மாமியா வூட்டுக்கே போறாளாம். கேன் வாங்கி வெக்கறேன்டின்னு கெஞ்சினேன். "நாங் கேட்டப்ப திட்டினியேம்மா"ன்னா.

இன்னிக்கு காலைல பஸ் ஏறப்போற நேரத்துல அண்ணன் வந்து நின்னான்.

"கண்ணு, புள்ள பொறந்ததும் மாமனுக்கு ஒரு போன் போடு."

ஐஸ்வர்யா திரும்பாமயே சொன்னா: "நல்லபடியா பொறந்தா போடறேன் மாமா."