மூன்றாவது நிலையம்

கல்லறைத் தோட்டத்தில் குழிவெட்டும் அம்மாவாசி இடுப்பளவு தோண்டிவிட்டார். எலும்பு இல்லை, பெட்டியின் ஆணிகூட இல்லை.

"ஆத்தா, இங்கன யாரையும் பொதைக்கவே இல்ல," என்றார் குழிக்குள்ளிருந்து.

அனிதா மேரி தாளை மறுபடி விரித்தாள். காலையில் இறந்துபோன அப்பா பங்கிராஸின் கையெழுத்து. 'வாசலிலிருந்து 92 அடி. கிணற்றிலிருந்து 60 அடி. வியாகுலமேரி குழியிலேயே என்னையும் வைக்கவும்.' அவளும் தம்பி ஆண்டனி ராஜும் இரண்டு கயிறு பிடித்து, அவை சேர்ந்த இடத்தைத்தான் காட்டியிருந்தார்கள்.

"தேனியிலருந்து பெட்டி வந்திருச்சுக்கா. பங்குச் சாமியாரு நாலு மணிக்கு வந்துருவாக. இங்கனயே வச்சிருவோம்," என்றான் தம்பி.

அம்மா வியாகுலமேரி இறந்தபோது அப்பா பசிபிக் கடலில் இருந்தார். கப்பலில் செகண்ட் ஆபீசர். நாற்பது நாள் கழித்து வந்து மரச்சிலுவையைத்தான் பார்த்தார். இங்கே கல்லறை கட்டும் வழக்கமில்லை. சிலுவையும் நாலு மழைக்கு மக்கிவிடும். அதனால் அளந்து எழுதி வைத்தார்.

கப்பலில் அவருக்கு லோரான்தான் எல்லாம். கரையிலுள்ள நிலையங்களின் ரேடியோ அலைகள் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து, கப்பல் நிற்கும் இடத்தைச் சொல்லும் கருவி. தலைமை நிலையத்தோடு சேர்ந்து ஒவ்வொரு துணை நிலையமும் வரைபடத்தில் ஒரு கோடு தரும். "கோடுக ரெண்டும் சில நேரம் ரெண்டு எடத்துல வெட்டும்மா. மூணாவது ஸ்டேஷன் கெடைக்காம சத்தியம் பண்ணக்கூடாது," என்பார். அவ்வளவு தெரிந்த மனுஷன் தாளில் இரண்டோடு நிறுத்திவிட்டார்.

அனிதா நிமிர்ந்தாள். வாசலிலிருந்து கிணற்றுக்குப் போகும் பாதைக்கு அந்தப் பக்கமும் கயிறுகள் சேருமே!

"அங்கனயும் இல்லேன்னா? இருக்கிறது ஒன்றரை மணி நேரம்," என்றான் தம்பி.

அவள் யோசித்தாள். கல்லறைத் திருநாளில் அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது வெயில் முகத்தில் அடிக்கும். அப்பா தன் நிழல் அனிதாமேல் விழும்படி நிற்பார். வெயில் நகர நகர அவரும் நகர்வார். அப்போது அவளுக்கு ஏழு வயது. அந்த நிழலை நினைத்ததும் காலையிலிருந்து வராத அழுகை வந்துவிட்டது.

இந்தப் பக்கமோ அந்தக் காலத்துப் புளியமரம். குழி முழுக்க நிழல்.

"இது இல்லடா. அம்மா இருக்கிற எடத்துல நெழலே கெடையாது. கயித்தப் பிடி," என்றாள்.

அம்மாவாசி மறுபக்கம் போய் வெயிலில் தோண்டினார். மூன்றரை மணிக்கு, ஒரு வெட்டு மண்ணோடு ஜெபமாலையின் சின்னச் சிலுவை வந்தது. பச்சை பூத்திருந்தது.

அவர் மம்மட்டியை மேலே வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கரையில் போட்டுவிட்டு, கையாலேயே மண்ணை அள்ளத் தொடங்கினார்.